நூல் சேர்த்துப் பின்னிய தலை

கடையில் கம்பளி நூல் என்று அடுக்கி வைத்திருப்பதெல்லாம் கம்பளி இல்லை என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. என் மகளின் தலைமயிரோடு முதல் தடவை நூல் சேர்த்துப் பின்னியபோது, பிள்ளையின் தலைக்குப் போவதாச்சே என்று அசல் ஆட்டுக் கம்பளியாகத் தேடி வாங்கினேன். எங்கள் ஆட்களின் புத்தி அப்படி. செயற்கை என்று எழுதியிருந்தால் கையாலும் தொடமாட்டோம்.

மகளுக்குத் தகப்பனின் தலை. அவர் ஜமேக்காக்காரர். அவள் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய காலத்தில் வேலைக்கென்று அல்பேர்ட்டாவுக்குப் போனவர், அங்கேயே நின்றுவிட்டார். பிறந்தநாளுக்கு மறக்காமல் போன் எடுப்பார். கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தச் சுருட்டை மயிரை என்ன செய்வது என்று ஒரு வார்த்தை சொல்லித்தராமல் போனார் பாருங்கள், அதற்கு மட்டும் இன்றைக்கும் அவரைத் திட்டுகிறேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் தேங்காயெண்ணெய் வைத்து, இழுத்துச் சீவி, இரட்டைப் பின்னல் போடுவது. காய்ந்த சுருட்டையில் சீப்பை விட்டு இழுத்தால் என்ன நடக்கும்? சீப்பின் பல் முறிந்தது, பிள்ளை குளறி அழுதாள், காதுக்கு மேலே மயிர் உடைந்து உடைந்து கட்டையாய் நின்றது. எங்கள் அடுக்குமாடியில், உடுப்புத் தோய்க்கும் அறையில் அடிக்கடி சந்திக்கும் கானா நாட்டுக்காரப் பெண்தான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னாள். அந்தத் தலையைக் கொஞ்ச நாள் சும்மா விடு, நூல் சேர்த்துப் பின்னிவிடு, நுனியெல்லாம் பின்னலுக்குள் மறைந்திருந்தால் குளிருக்கும் தொப்பிக்கும் உன்னுடைய சீப்புக்கும் தப்பி வளரும் என்றாள். கடைசியில் சொன்னதுதான் சுட்டது.

வீடியோ பார்த்துப் பின்னினேன். முதல் தடவை என்றாலும் வடிவாகத்தான் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை என்றால் முழுக வேண்டாமா? நல்லெண்ணெயைச் சூடாக்கி உச்சியில் வைத்து ஊறவிட்டு, நல்ல சுடுதண்ணீர் ஊற்றி, ஷாம்பு போட்டுக் கசக்கு கசக்கென்று கசக்கினேன். ஆட்டுக் கம்பளிக்குச் சுடுதண்ணீரும் ஆகாதாம், கசக்கலும் ஆகாதாம். நூலெல்லாம் சுருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி இறுகி, பிள்ளையின் தலையில் கால்மிதி விரித்த மாதிரி ஆகிவிட்டது. கையோடு கூட்டிக்கொண்டு கீழே ஓடினேன். கானாக்காரி தோய்க்கும் மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கத்தரிக்கோலோடு வந்து, பொறுமையாய் வெட்டி வெட்டிப் பிரித்தெடுத்தாள். மலிவான அக்ரிலிக் நூல் வாங்கு, அதுதான் இதற்குச் சரி, உன்னுடைய எண்ணெய்க் குளிப்பை உன் தலையோடு வைத்துக்கொள் என்றாள். மகள் ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பிறகு பழகிவிட்டேன். சாயம் போக நூலை முதலே அலசிக் காயவிட வேண்டும். கதிரையின் முதுகில் சுற்றி ஒரே நீளமாய் வெட்ட வேண்டும். தலையைக் கட்டம் கட்டமாய்ப் பிரித்து, லேசாய் ஈரம் தெளித்து, ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் நூலைக் கோத்து மயிரோடு சேர்த்துப் பின்ன வேண்டும். இறுக்கினால் நெற்றியோரத்து மயிர் வேரோடு வரும், தளரவிட்டால் பின்னல் வழுகும். நுனியை முடிந்து லைற்றரால் பட்டும் படாமலும் சுட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒரு சனிக்கிழமை முழுக்க அதற்கே போய்விடும். பின்னிய தலை பிறகு இரண்டு மாதத்துக்குக் கிட்ட நிற்கும்.

அந்தச் சனிக்கிழமைகளுக்கு நான் எப்படிக் காத்திருந்தேன் என்று யாருக்கும் சொன்னதில்லை. என் வேலை, விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் ஒரு சமையல்கூடத்தில். தலையில் வலை, முகத்தில் மறைப்பு, காது நிறைய மெஷின் சத்தம். பக்கத்தில் நிற்பவளின் குரல் எப்படியிருக்கும் என்றே எனக்குத் தெரியாது. ரொறன்ரோவின் மேற்குக் கரையில், நாங்கள் இருக்கும் ரெக்ஸ்டேலில், தமிழ் ஆட்கள் இல்லாமல் இல்லை. பஸ்ஸில் தமிழ் காதில் விழுந்தால் திரும்பிப் பார்ப்பேன், வாய் திறக்கமாட்டேன். திறந்தால் இரண்டாவது கேள்வி, 'அவர் என்ன செய்யிறார்?' என்று வரும். மகளுக்கு அப்போது பதினொரு வயது. கதவைச் சாத்திக்கொண்டு போனோடு இருக்கும் வயது. ஆனால் பின்னும் நாளில் சோபாவில் நானும், என் காலடியில் ஒரு தலையணை போட்டு அவளும் உட்கார்ந்தால், என் முகம் தெரியாத காரணத்தாலோ என்னவோ, கதை கதையாய்ச் சொல்லுவாள். பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு கோபம், எந்த ரீச்சர் எப்படி நடப்பார், எல்லாம். நான் "ம்" கொட்டுவேன். விரல் நோகும். நோகட்டும் என்று இருப்பேன்.

எனக்கிருந்த பயம் ஒன்றுதான். நாளைக்கு எனக்கு ஏதாவது நடந்தால் இந்தப் பிள்ளைக்கு இந்த நகரத்தில் யார்? தாய் தகப்பன் போய்விட்டார்கள். இருப்பது ஒரேயொரு அக்கா, நகரத்தின் மறு கரையில், அஜின்கோர்ட்டில். நான் ஒரு கறுப்பரைக் கட்டியதற்காகக் கோபித்தவள், அவர் போனபிறகு, 'நான் அப்பவே சொன்னனான்' என்று இன்னும் கூடக் கோபித்தாள். பொங்கலுக்கு ஒரு மெசேஜ், தீபாவளிக்கு ஒரு மெசேஜ், அவ்வளவுதான் உறவு. என்னை விடுங்கள். என் பிள்ளையைத் தன் பிள்ளைகளோடு ஒன்றாய் நினைத்தால் காணும் என்று நான் கும்பிடாத தெய்வம் இல்லை.

அப்படியிருக்க, போன வருடம் வீடியோவில் கூப்பிட்டாள். அவளுடைய மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு செய்யப் போகிறார்களாம்.

"சின்னம்மா எங்கயெண்டு சனம் கேக்கும். நீ வராட்டி வடிவில்லை. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா, மற்றப் பிள்ளைகளோட சேர்ந்து தட்டுத் தூக்கட்டும்."

பூவும் பழமும் பலகாரமும் வைத்த தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பெண்ணுக்கு முன்னால் வரிசையாய் வருவது சொந்தக்காரப் பிள்ளைகள்தான். வேறு யாரையும் அதற்குக் கேட்கமாட்டார்கள். "வாறமக்கா" என்றேன். அந்த நேரம் பார்த்து மகள் எனக்குப் பின்னால் தண்ணீர் குடிக்க வந்தாள்.

"என்னடி உது, பிள்ளையின்ர தலையில கயிறு?"

"கயிறில்லையக்கா, நூல். மயிர் உடையாமல் இருக்கச் சேர்த்துப் பின்னுறது."

"என்ன விசர்க் கதை. தட்டுத் தூக்குற பிள்ளையள் எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் சவுரி வைச்சுப் பின்னிப் பூ வைக்கிறது. உதை அவிட்டுப்போட்டுக் கூட்டிக்கொண்டு வா. நாலு சனம் வாற இடம்."

போனை வைத்ததும் மகள் சொன்னாள், "அம்மா, இட்ஸ் ஓகே. அவிட்டு விடுங்கோ."

"உனக்கு அவிழ்க்க விருப்பமோ?"

"இல்லை. பட், அவையளோட நிக்க விருப்பம்."

பதினொரு வயதுப் பிள்ளை அதைச் சொன்ன விதம் எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அவிழ்க்கிறதா! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். தாங்கள் வைக்கிற சவுரி மட்டும் தலையில் முளைத்ததா? அது யாரோ ஒருத்தியின் மயிர், இல்லாவிட்டால் பிளாஸ்டிக். அதன் நுனியில் கட்டித் தொங்கவிடுகிற குஞ்சம் என்ன, நூல்தானே! தங்களுக்கென்றால் அலங்காரம், என் பிள்ளைக்கென்றால் கயிறு. அவிழ்க்கவில்லை. விழாவுக்கு முந்திய சனிக்கிழமை பழைய நூலை எடுத்துவிட்டு, புதுக் கறுப்பு நூலில் இடையிடையே ஒரு பொன்னிற இழையும் கூட்டிப் பின்னினேன். அவ்வளவு நேர்த்தியாய் நான் ஒருநாளும் பின்னியதில்லை. பின்னப் பின்ன அக்காவுக்குச் சொல்லப்போகும் பதில் மனதில் கூர்மையாகிக்கொண்டே வந்தது. விழாவன்று நானூற்றி ஒன்றாம் நெடுஞ்சாலையில் கார் ஓட்டிப் போகும்போதும் அதைத்தான் உருப்போட்டேன்.

விழா நடக்கும் ஹோலில், உடுப்பு மாற்றும் அறைக் கதவைத் திறந்தோம். பெண்பிள்ளைகள் ஒரே இரைச்சல். அலங்காரக் கதிரையில் பாதி பின்னிய தலையோடு இருந்த அக்காவின் மகள் திரும்பிப் பார்த்துக் கத்தினாள்.

"ஓ மை கோட்! சின்னம்மா, நீங்களோ செய்தனீங்கள்? எனக்கும் வேணும்!"

அவ்வளவுதான், மற்றப் பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்து மகளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி தொடலாமோ என்று கேட்டாள், ஒருத்தி போட்டோ எடுத்தாள். அலங்காரம் செய்ய வந்த பெண் பின்னல்களையெல்லாம் ஒன்றாய்க் கூட்டி எடுத்துக் கையில் நிறுத்துப் பார்த்தாள். "உவவுக்கு நான் சவுரி வைக்கத் தேவையில்லை, இருக்கிறதே காணும்" என்று சொல்லி ஒரே சடையாய்க் கட்டி, மல்லிகைப்பூவைச் சுற்றினாள். அக்கா உள்ளே வந்தாள். நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தயாராய் நின்றேன். அவள் என் மகளைப் பார்த்தாள், சடையைப் பார்த்தாள்.

"பூக் காணாது. இன்னும் கொஞ்சம் வையுங்கோ" என்றாள். போய்விட்டாள்.

சண்டைக்கென்று ரொறன்ரோவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வந்தவளுக்குச் சண்டை பிடிக்க ஆளில்லை.

மகள் தட்டோடு வந்தாள். வரிசையில் இரண்டாவது ஆள். மேளச் சத்தத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. கதவுப் பக்கத்து மேசையில், அக்காவின் கணவரான அத்தானின் வேலைத்தலத்து ஆட்களோடு என்னை இருத்தியிருந்தார்கள். அங்கிருந்து நான் அழுதேன், சந்தோஷத்தில்தான். பிறகு ஆலத்தி எடுக்க மைக்கில் ஒவ்வொருவராய்க் கூப்பிடத் தொடங்கினார்கள். பெரியப்பா பெரியம்மா, மாமா மாமி, யாரோ பக்கத்து வீட்டு அங்கிள் அன்ரி. சோடி சோடியாய்த்தான் கூப்பிடுவார்கள். சோடி இல்லாதவளை அதற்குக் கூப்பிடுவதில்லை. எனக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு பெயருக்கும் முதுகை நிமிர்த்தி நிமிர்த்தி உட்கார்ந்தேன். பெண்ணின் தாயோடு கூடப்பிறந்த சின்னம்மா நான். கடைசிச் சோடியும் மேடையிலிருந்து இறங்கியபிறகு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

வெளிக்கிடும்போது அக்கா வாசலுக்கு வந்தாள்.

"பிள்ளை நிக்கப் போறாளாம். இவையள் விடமாட்டினமாம். நாளைக்கு அத்தான் கொண்டந்து விடுவார். நீ வெளிக்கிடு, ட்ரஃபிக் கூடப்போகுது."

நான் கேட்டுக் கும்பிட்டது அப்படியே கிடைத்துவிட்டது. "ஓமக்கா" என்று சொல்லிக் காரில் ஏறினேன். நல்ல வெயில். நெடுஞ்சாலையில் ஏறியதும், உருப்போட்டு வைத்திருந்த அந்தப் பதிலைக் கண்ணாடியைப் பார்த்துச் சத்தமாய்ச் சொல்லிப் பார்த்தேன். நல்ல பதில். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

அதன்பிறகு சனி ஞாயிறென்றால் மகள் அஜின்கோர்ட்டில். பெரியம்மாவின் மகளை 'அக்கா, அக்கா' என்று ஒட்டிக்கொண்டாள். அத்தான் வந்து கூட்டிக்கொண்டு போவார், கொண்டுவந்து விடுவார், கீழே நின்றபடியே ஹோர்ன் அடிப்பார். பின்னல் அடியில் வளர்ந்து தளரத் தொடங்கியது. அவள் கேட்டிருந்த கடும் நாவல் நிறத்தில் நூல் தேடி வாங்கினேன், அக்ரிலிக்தான். அலசிக் காயவிட்டு, வெட்டி, சோபாவின் கைப்பிடியில் போட்டு வைத்தேன். இந்தச் சனிக்கிழமை நில் என்று சொல்ல நினைத்தேன். அங்கே யாருக்கோ பிறந்தநாள் என்றாள். சரி, வாற சனிக்கிழமை பார்ப்போம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கதவு திறந்தது. தொப்பியைக் கழற்றினாள். தலை முழுக்கப் புதுப் பின்னல், இடையிடையே நீலம்.

"அக்கா செய்தவா! வீடியோ பார்த்து. அம்மா, பாருங்கோ. பின்பக்கம் முழுக்கப் பெரியம்மா பின்னினவா. ஷீ வாஸ் ஸோ ஃபாஸ்ட்."

வெளிச்சத்துக்குக் கிட்ட வரச்சொல்லித் திருப்பிப் பார்த்தேன். பிழை பிடிக்கத்தான் பார்த்தேன். கட்டங்கள் நேராய் இருந்தன. நெற்றியோரத்தில் இறுக்கம் இல்லை. நுனியெல்லாம் அளவாய்ச் சுட்டு ஒட்டியிருந்தது. பிள்ளையின் தலையைக் கவனமாகத்தான் பிடித்திருக்கிறார்கள்.

"வடிவாயிருக்கு" என்றேன். "நொந்ததோ?"

"இல்லை. பெரியம்மா கதை சொல்லிக்கொண்டு செய்தவா. நானும் கனக்கக் கதைச்சனான்."

"அடுத்த முறை என்னையும் வரச்சொன்னவாவோ?"

மகள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அந்தக் கேள்வி உண்மையிலேயே விளங்கவில்லை.

"இல்லையே. ஏனம்மா?"

"ஒண்டுமில்லை" என்றேன். "போய்க் கையைக் கழுவிப்போட்டு வா, சாப்பிடுவம்."