கிழக்கு பார்த்த சோலர்

நல்லம்மா ஒரு சாமான் வாங்குவதற்கு முன் பத்துப் பேரிடம் விசாரிப்பாள். பதினோராவதாகத் தன்னையே கேட்டுக்கொண்டு, அந்தப் பதினோராவது ஆள் சொன்னபடி செய்வாள். பல்லேபொலவுக்கு மேலே இருபது பேர்ச் காணி வாங்கியதும் அப்படித்தான். தோட்டத்து வேலையை விட்டுப் பேர் வெட்டிக்கொண்டு வந்தபோது கிடைத்த சேமலாப நிதியை அவள் புருஷன் இராசமாணிக்கத்தின் கண்ணில் காட்டவே இல்லை. "யாராச்சும் அழுதா குடுத்துருவாரு" என்றாள். காணியும் வீடும் அவள் பேரில்தான். இருபத்தைந்து மிளகுக் கொடி, இரண்டு பலா, ஒரு கிணறு.

கரண்டு கொண்டுவருகிற லைட் போஸ்ட் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. அங்கிருந்து வீடு முக்கால் மைல். ஆகவே ஒரு கார் பெட்டரி. அதில் இரண்டு குழாய் பல்ப், ஒரு சின்ன டீவி. பத்து நாளைக்கு ஒருமுறை இராசமாணிக்கம் அதைச் சைக்கிளில் கட்டிப் பல்லேபொல ரேடியோக் கடைக்குக் கொண்டுபோய் சார்ஜ் போட்டு வருவார். பெட்டரியின் அமிலம் தெறித்துத் தெறித்து அவர் இடுப்பில் கட்டுகிற சாரங்களெல்லாம் சல்லடையாகிவிட்டன.

சாரம் போனால் போகட்டும். இரண்டாயிரமாம் ஆண்டு ஒருநாள் சந்தியில் இருந்த ஆமி செக் பொயின்டில் அவரை நிறுத்திவிட்டார்கள். தமிழன், பெட்டரி, வயர்: மூன்றும் ஒரே சைக்கிளில். காலையில் போனவர் இருட்டிய பிறகுதான் வந்தார். அடித்தார்களா என்று கேட்டதற்கு, "சேச்சே, டீ குடுத்தாங்க" என்றார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

சண்டை நின்றிருந்த நாளில், இரண்டாயிரத்து நான்கில், சோலர் விற்கும் பதுர்தீன் மோட்டார் சைக்கிளில் மேலே ஏறி வந்தார். நல்லம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இத வச்சா பெட்டரிய சார்ஜுக்குத் தூக்கணுமா?"

"தேவையே இல்லக்கா. சூரியன் ஊட்டுக்கே வந்து சார்ஜ் போட்டுட்டுப் போகும்."

இராசமாணிக்கத்துக்குக் கணக்கு வேண்டியிருந்தது. பதுர்தீன் ஒளிக்காமல் சொன்னார். கடன் ஐந்து வருஷம். மண்ணெண்ணெய்ப் போத்தலையும் சார்ஜ் காசையும் கழித்துப் பார்த்தால் ஏழாம் வருஷம் போட்ட முதல் திரும்பும்.

"அதுக்குள்ள லைட் போஸ்ட் வந்துட்டா?"

"வந்தா நட்டந்தான் அண்ணே. பொய் சொல்ல ஏலா."

"வரட்டும்" என்றாள் நல்லம்மா. "அதுவரைக்கும் இவரு அந்தச் சந்தியில பெட்டரியோட நிக்க வேணாம். எனக்கு இந்தக் கணக்கு போதும்."

சோலர் தகடு வந்தது. முற்றத்தில் இரும்புக் குழாய் நட்டு, அதன் தலையில் பொருத்தித் தெற்கே சாய்த்தார் பதுர்தீன். நல்லம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"என்னாங்க இது? சாவு வீட்லதான் தெக்க பாத்து வெளக்கு வைப்பாங்க!"

"அக்கா, இது வெளக்கு இல்ல, தகடு."

"வெளிச்சம் எதுலருந்து வருது?"

"இதுலருந்துதான்."

"அப்ப வெளக்குதான். கெழக்க திருப்புங்க. நல்லா நிமித்தி வைங்க, சூரியன் உதிக்கிறத நேராப் பாக்கட்டும்."

கிழக்கே மலை, ஒன்பது மணிக்கு முன் இங்கே வெயிலே கிடையாது என்று பதுர்தீன் சொல்லிப் பார்த்தார். பிறகு இராசமாணிக்கத்தைப் பார்த்தார். அவர் ஆகாயத்தைப் பார்த்தார். தகடு கிழக்கே திரும்பியது.

முதல் சில மாதம் குறையில்லை. பிறகு மழையும் மூட்டமும் வந்தன. ஒன்பது மணிக்கு மலையேறி வருகிற சூரியன் மத்தியானம் தாண்டியதும் தகட்டின் முதுகில்தான் அடித்தது. ஏழரைக்கே டீவி சுருங்கி அணைந்தது. நல்லம்மா தகட்டைத் துணியால் துடைத்தாள். திருநீறுகூடப் பூசப் போனாள், இராசமாணிக்கம் தடுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. விளக்கு பத்து மணிவரை நின்று எரிந்தது.

"பாத்தீங்களா? கெழக்கு கெழக்குதான்."

"ஆமா புள்ள" என்றார் அவர்.

அலுவிகாரைப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்குக் காட்டுகிற வாசனைச் சரக்குத் தோட்டமொன்றில் அவளுக்குச் சமையல் வேலை. விடியப் போனால் சாயந்தரம்தான் வீடு. இரண்டாயிரத்து ஆறில் சண்டை மறுபடி தொடங்கியது. வெள்ளைக்காரர்கள் வருவது குறைந்தது. ஒரு புதன்கிழமை பத்து மணிக்கே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் வந்த பஸ்ஸைச் சந்தியில் நிறுத்தி, எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள்.

வரிசையில் அவளுக்கு முன்னால், மண்மூட்டைக்குப் பக்கத்தில், இராசமாணிக்கம் நின்றுகொண்டிருந்தார். சைக்கிள் சாய்ந்து கிடந்தது. பெட்டரி தரையில் இருந்தது. அவளுடைய பெட்டரிதான், பதுர்தீன் ஒட்டிய பச்சைத் தாள் இன்னும் அதில் இருந்தது.

அவளைக் கண்டதும் அவர் முகம், சட்டியில் கைவிட்டு அகப்பட்ட பிள்ளையின் முகம்போல ஆகிவிட்டது.

நல்லம்மா வரிசையை விட்டு நேரே போனாள். சிப்பாய்க்கு இருபத்திரண்டு வயதிருக்கும். சிங்களத்தில் சொன்னாள்: "மகனே, இவர் என் புருஷன். இது எங்கள் வீட்டு சோலர் பெட்டரி."

"அவரும் அதைத்தான் சொல்றார். வீட்டில் சோலர் இருந்தால் ஏன் பெட்டரியை சார்ஜுக்குக் கொண்டுபோகணும்? அதைத்தான் கேட்கிறேன். பேசமாட்டேன் என்கிறார்."

இராசமாணிக்கம் பெட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இங்கே இல்லாதிருந்தாலும் அவளை விட்டுக்கொடுத்துப் பேசியிருக்கமாட்டார் என்று நல்லம்மாவுக்குப் புரிந்தது. அவள் வேலைக்குப் போனபிறகு, இப்படி எத்தனை நாள்! "பாத்தீங்களா" என்று அவள் நெஞ்சை நிமிர்த்திய ஒவ்வொரு இரவும் இந்தச் சந்தி வழியாக வந்த வெளிச்சம்.

"சோலர் சரியாக வேலை செய்யவில்லை" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "நான்தான் கிழக்கே பார்த்து வைக்கச் சொன்னேன்."

சிப்பாய் அவளையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். "எங்கள் வீட்டிலும் இருக்கு. அப்பா கூரையில் வைத்திருக்கிறார். தெற்கே திருப்புங்கள், அம்மா. பெட்டரியை எடுத்துக்கொண்டு போங்கள். இன்னொரு தடவை இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டாம். எல்லாரும் என்னைப்போல இருக்கமாட்டார்கள்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருவரும் மேலே ஏறினார்கள். கடைசி வளைவில் அவள் கேட்டாள்.

"ராத்திரியோட ராத்திரியா அந்தத் தகட்டத் திருப்பி வச்சா என்னா? எனக்குத் தெரியவா போகுது?"

"வேணாம்னியே."

"நான் சொன்னா? நீங்க என்னா பச்சப்புள்ளயா?"

"சாவு வீடுன்ன. அதுக்கப்புறம் எப்புடித் திருப்புறது?"

வீடு வந்தது. அவள் உள்ளே போகவில்லை. முற்றத்தில் நின்று தகட்டையே பார்த்தாள். பத்துப் பேரிடம் கேட்காத விஷயமாக இருந்தாலும், அந்தப் பதினோராவது ஆளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அது வெளக்கு இல்லங்க" என்றாள் கடைசியில். "வெளக்கு வீட்டுக்குள்ள இருக்கு. இது வாயி. வெயிலத் திங்குது. தெக்க பாத்து சாப்புட்டா பேரு வரும்பாங்க. வடக்கதான் ஆகாது."

இராசமாணிக்கம் ஸ்பேனரை ஏற்கெனவே கையில் வைத்திருந்தார்.

மறுவாரம் வந்து பார்த்த பதுர்தீன், சாய்வையும் சரிசெய்து கொடுத்தார். வெறும் வயிற்றில் கிடந்து கிடந்து பெட்டரி பலவீனப்பட்டுவிட்டது, முன்கூட்டியே புதிது வாங்கவேண்டிவரும் என்றார். ஏழாம் வருஷத்து முதல் எட்டாம் வருஷத்துக்குத் தள்ளிப்போயிற்று. பள்ளிக்கூடத்துக்கு இந்தப் பக்கம் லைட் போஸ்டுக்குக் குழி வெட்ட அளந்துகொண்டும் போனார்கள்.

கீழ்வீட்டு ஸுலைஹாவும் சோலர் வாங்கும் யோசனையில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, இராசமாணிக்கத்தின் சைக்கிள் இன்னும் சுவரில் சாய்ந்தே இருந்த நேரத்தில் வந்து, வாசலில் நின்றபடியே சத்தமாகக் கேட்டாள்.

"நல்லம்மாக்கா, உண்மையச் சொல்லுங்க. இது லாபமா, நட்டமா?"

நல்லம்மா எட்டாம் வருஷத்தைச் சொன்னாள், பெட்டரியைச் சொன்னாள், அளந்துவிட்டுப் போன குழியையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"அப்ப நட்டந்தானே?"

"மெதுவாப் பேசு" என்றாள் நல்லம்மா. "லாபம் உள்ள தூங்குது."