சந்தின் மூடிய வாய்

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. போன ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மணிலாவில் எங்கள் சந்தில் என் காதால் கேட்டதைத்தான் சொல்கிறேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

எங்கள் சந்துக்கு முன்பு இரண்டு வாய். ஒன்று சந்தைப் பக்கம், இன்னொன்று சர்ச் ரோட்டுப் பக்கம். பள்ளிப் பிள்ளைகள், மீன்காரிகள், பூசைக்குப் போகிறவர்கள் என்று விடிந்தது முதல் நடமாட்டம் ஓயாது. அத்தனை கண்கள் பார்க்கும் இடத்தில் எவன் கத்தியை எடுப்பான்? இரண்டு வருடத்துக்கு முன் சர்ச் ரோட்டுப் பணக்காரக் குடியிருப்புக்காரர்கள் அந்த வாயில் இரும்புக் கேட்டைப் போட்டுப் பூட்டினார்கள். நாங்கள் திருடர்களாம்! நடமாட்டம் நின்றது. கேட்டோரம் இருந்த பெட்டிக்கடையும் மூடிவிட்டது. அதற்குப் பிறகு நான்கு கொலைகள். நான்கும் கேட்டுக்கு முன்னால், இருபதடிக்குள். துரத்தினால் தப்பிக்க வழியேது?

"இந்தச் சந்துக்கே ராசி இல்ல" என்றார் வார்டு அலுவலகத்துக்காரர். ராசியாவது மண்ணாங்கட்டியாவது! பூட்டியவர்களைக் கேட்க வக்கில்லை.

நான்காவதாகச் செத்தவன் ஜீப்னி என்கிற மினி பஸ் ஓட்டும் டெல்ஃபின். கேட்டுக்குப் பக்கத்து வீடு. எங்கள் வழக்கப்படி அடக்கத்துக்கு முன் சில நாள் வீட்டிலேயே வைத்திருந்த அவன் சவப்பெட்டியை அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை பார்த்துவிட்டுக் கிளம்பினேன். சாவு வீட்டிலிருந்து நேரே வீட்டுக்குப் போனால் செத்தவர் கூடவே வந்துவிடுவார். நடுவில் வேறெங்காவது நின்று உதறிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். முன்பெல்லாம் சர்ச் ரோட்டில் ஒரு காபி குடித்துவிட்டுச் சுற்றி வருவோம். இப்போதுதான் கேட் இருக்கிறதே! சந்தைப் பக்கம் போவதென்றால் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். முட்டிவலி வேறு. எரிச்சலோடு நேரே வீட்டுக்குள் நுழைந்து தாழ் போட்டேன். மணி 6.48.

7.10. கதவு தட்டும் சத்தம்.

"அம்மா... கதவைத் திற!"

என் மகள் மாரிவிக்கின் குரல். ஆனால் தையல் ஆலையில் அவளுக்கு எட்டு மணிக்குத்தான் வேலை முடியும். செத்தவர்கள் தெரிந்த குரலில்தான் கூப்பிடுவார்கள்...

"அம்மா! சீக்கிரம்!"

"போயிடு டெல்ஃபின்... உனக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?"

தட்டுவது நின்றது.

காலடிகள் கேட்டை நோக்கி ஓடின. பின்னாலேயே இன்னொரு ஜோடி... கனமாக.

7.12. கேட் குலுங்கியது. தட... தட... தட...

பிறகு நீளமாக ஒரு கிரீச்...

கனத்த காலடி மட்டும் திரும்பி ஓடி வந்து, என் வாசலைத் தாண்டிப் போனது.

அப்புறம் சத்தமே இல்லை.

7.19. போன் அடித்தது. மாரிவிக்.

"ஏம்மா திறக்கல? கரண்ட் இல்லேன்னு சீக்கிரமா விட்டுட்டாங்க. ஒருத்தன் கத்தியோட துரத்தினான்மா!"

"இப்ப எங்கடி இருக்க?"

"சர்ச் ரோட்டுல. கேட்டுகிட்ட நாலு பேர் நின்னாங்க, இருட்டுல முகம் தெரியல. அவங்கதான் இழுத்துத் திறந்துவிட்டாங்க. அவங்களப் பாத்ததும் அவன் ஓடிட்டான்."

ஓடினேன். மழையில் நனைந்து துருவேறிய கேட் மூடியிருந்தது. பூட்டு பூட்டியபடியே தொங்கியது. கம்பிக்கு அந்தப் பக்கம் என் பெண், காலில் செருப்பில்லாமல். கம்பி வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பெற்ற மகளை நானே சாகக் கொடுக்க இருந்தேன்.

குடியிருப்புக் காவலாளி வந்தான். சாவி அவன் இடுப்பில்.

"நான் திறக்கவே இல்லக்கா. யாருக்கும் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு."

அப்போதும் திறக்கவில்லை, பாவி. நான் சந்தை வழியாகச் சுற்றிப் போய்த்தான் அவளை அழைத்து வந்தேன். அடுத்த வாரம் பூட்டு சரியில்லை என்று கேட்டை வெல்டிங் வைத்தே அடைத்துவிட்டார்கள்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த இரவு கழிந்து மறுநாள் காலை டெல்ஃபினின் அம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். சவப்பெட்டி மேல் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினாள்.

"பெலிசா, நீயே பாரு. மூணு நாளா இந்தக் கண்ணாடி மூடியை யாரும் திறக்கல."

பார்த்தேன். மார்மேல் கோத்து வைத்திருந்த கைகள்... பத்து விரல்களிலும் ஈரத் துரு.