கண்ணை மூடிக்கொண்டு சேமிப்பவள்

கணினியில் சேமிக்கும் விசையை அழுத்தும்போது என் மருமகள் கண்ணை மூடிக்கொள்வாள். திறக்கும்போது திரையில் வரிகள் எல்லாம் தாமாக நகர்ந்து ஒழுங்காக நிற்கும். அவள் அடித்துத் தள்ளிய அலங்கோலத்தை ஏதோ ஒரு காற்று வந்து கோதிவிட்டுப் போயிருக்கும். "வந்துடுச்சு மாமா" என்பாள், விருந்தாளியை வரவேற்கும் குரலில்.

அந்தக் காற்றுக்குப் பெயர் ஃபார்மேட்டர். ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் நிரலை யார் எப்படி எழுதினாலும் ஒரே சீராக அடுக்கித் தரும் கருவி. நான் ஐந்தாவதைத் தாண்டாதவன். ஆனாலும் ஒரே நாளில் புரிந்துகொண்டேன். பேருந்து கழுவ வந்து, பிறகு அதே பேருந்தை விலைக்கு வாங்கியவனுக்கு இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?

சாப்பாட்டு மேசைதான் அவளுக்கு அலுவலகம். ஆறிப்போன தேநீர்க் கோப்பைகள் மூலைக்கு ஒன்றாக நிற்கும். ஒரு செருப்பு வாசலில் கிடந்தால் அதன் ஜோடி சோபாவுக்கு அடியில். கூந்தலில் பென்சிலைச் செருகிக்கொண்டு, அதையே வீடு முழுக்கத் தேடுவாள். பேசிக்கொண்டே இருப்பாள், பாதி வாக்கியத்தில் ஜன்னலுக்கு வெளியே போய்விடுவாள். என் மகன், "மேடம், இறங்க வேண்டிய இடம் வந்துடுச்சு" என்று குரல் கொடுத்தால்தான் திரும்பி வருவாள்.

"வீட்டை இப்படி வச்சிக்கிட்டு, அங்க மட்டும் எதுக்கும்மா அவ்வளவு ஒழுங்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அழகுக்கு இல்ல மாமா. அந்த வேலைய மெஷின் பாத்துக்கிச்சுன்னா, நான் நிம்மதியா கனவு காணலாமே!"

அவள் குழுவில் ஒருவர் வரியின் தொடக்கத்தில் இரண்டு இடம் விடுவார், இன்னொருவர் நான்கு. இவர் நேராக்கியதை அவர் திருத்துவார், அவர் திருத்தியதை இவர் மாற்றுவார். பாதி நாள் அதிலேயே போகும். நானாக இருந்தால் ஒரே அதட்டலில் முடித்திருப்பேன். இவள் அதட்டவில்லை. ஃபார்மேட்டரை நிறுவி, விதிகளை ஒரு சின்னக் கோப்பில் எழுதி, சேமித்தாலே அது ஓடும்படி எல்லாருடைய கணினிக்கும் ஏற்பாடு செய்தாள். மேலாளர் ஒன்றுதான் சொன்னார்: ஒருவர் மறுத்தாலும் கருவி வேண்டாம்.

குழுவில் இருந்த தாடிக்காரர் ஒருவர் மறுத்தார்.

தப்பு இவளுடையது. ஒரு கோப்பில் ஓட்டிப் பார்க்காமல், மொத்த நிரலின் மீதும் ஒரே மூச்சில் ஓடவிட்டு, கனவிலேயே எல்லாருக்கும் அனுப்பிவைத்துவிட்டாள். அவர்கள் செய்வது பேருந்து இருக்கை முன்பதிவு. தாடிக்காரர் இருக்கை எண்களை வரிசை வரிசையாக அடுக்கி, நடுவில் வெற்றிடம் விட்டு, நிரலுக்குள்ளேயே ஒரு பேருந்தை வரைந்து வைத்திருந்தார். மேலே ஓட்டுநர், கடைசியில் நீள இருக்கை. கருவிக்கு வெற்றிடம் பிடிக்காது. எல்லாவற்றையும் நெருக்கித் தள்ளிவிட்டது.

மதியம் அவர் வீடியோ அழைப்பில் திரைக்கு வந்தார்.

"தாயே, என் பஸ்ஸுல நடக்கற வழிய அடைச்சுட்டியே! ஜன்னல் சீட்டுக்காரன் எப்படி இறங்குவான்? பக்கத்துல இருக்கறவன் மடியில ஏறியா?"

"ஓடறதுல ஒரு வித்தியாசமும் இல்லண்ணா. புக்கிங் எல்லாம் சரியாத்தான் வருது."

"ஓடும். ஆனா பாத்தா பஸ்ஸா தெரியலயே! எனக்கு இது வேண்டாம். சாயங்காலம் மீட்டிங்லயும் அதத்தான் சொல்லுவேன்."

நான் குறுக்கே புகுந்து, "தம்பி, பஸ்ஸப் பத்தின்னா என்கிட்ட பேசுங்க" என்று தொடங்கினேன். மருமகள் என் கையில் ஒரு தேநீர்க் கோப்பையைத் திணித்தாள். ஆறியதுதான்.

பிறகு ஜன்னலுக்குப் போய்விட்டாள். மழை வரலாமா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்தது. தெருவில் நின்ற பேருந்துக்குள் யாரோ எழுந்து, ஜன்னல் ஜன்னலாகத் தோன்றி மறைந்து, வாசலை நோக்கி நடந்தார். கண்ணாடியில் இவளுடைய மூச்சு படிந்து கலைந்தது.

திரும்பி வந்து, அந்த இருக்கை அடுக்குக்கு மேலே ஒரு குறிப்பு எழுதினாள். "இதத் தொடாதன்னு மெஷினுக்குச் சொல்றேன் மாமா." பழைய அடுக்கை ஒரே சொடுக்கில் வரவழைத்திருக்கலாம். அவளோ இடவிசையைத் தட்டித் தட்டி, வரிக்கு வரி தன் கையாலேயே வழி திறந்தாள்.

"இப்ப பாருங்கண்ணா."

அவர் தாடியைத் தடவினார். "அதுக்குக் கீழ ஒரு வரியக் கோணலா இழுத்துவிட்டு சேவ் பண்ணு. எது நகருதுன்னு பாக்கறேன்."

அழுத்தினாள். கோணல் வரி வழுக்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போனது. பேருந்து அசையவில்லை.

"சரி, என்னையும் ஏத்திக்கோ," என்றார் தாடிக்காரர். "வண்டிய எடு."

இந்த முறை அவள் கண்ணை மூடியிருக்கவில்லை. ஆள்காட்டி விரலைத் திரையில் வைத்து, ஓட்டுநர் இருக்கையிலிருந்து கடைசி இருக்கை வரை, அந்த வெற்றிடத்தின் வழியே மெல்ல நடத்திக்கொண்டு போனாள்.