வாத்தியார் மிரளவில்லை

லாயத்தில் அவளுக்கு 'இன்னொருதரம் டீச்சர்' என்று பெயர். வைத்தது குதிரையேற்றம் படிக்க வந்த பிள்ளைகள். பிறகு பெரியவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். சேணம் கட்டும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும். அப்போது வயிற்றுப் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும், நாலு எட்டு நடந்து மூச்சு விட்டதும் தளர்ந்துபோகும். அதனால் ஆள் ஏறுவதற்கு முன் இன்னொரு தரம் இழுத்துப் பார்க்க வேண்டும். பதினெட்டு வருஷமாக அவள் தொண்டை வறளச் சொல்லிவந்த பாடம் இது. அவள் கணவர்கூட வீட்டைப் பூட்டிவிட்டு, "இன்னொருதரம் இழுத்துப் பாத்துட்டேன், போலாமா?" என்று கிண்டல் செய்வார்.

சின்ன லாயம்தான். தகரக் கூரைக்குக் கீழே ஆறு குதிரைகள். முன்னால் மரவேலி அடைத்த மணல் திடல். நடத்துகிறவர் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், எல்லோருக்கும் டாக்டரையா. குதிரைகளைத் தேய்த்து, தீனி வைத்து, சேணம் கட்டிக் கொண்டுவந்து நிறுத்துகிறவர் ஒரு லாயக்காரர். நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

ஆறில் ஒன்றுக்கு வாத்தியார் என்று பெயர். செம்பழுப்பு நிறம், பத்தொன்பது வயது. காதருகே டிரம் அடித்தாலும் கண்ணை மூடித் திறக்கும், அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்களை முதலில் அதன்மேல்தான் ஏற்றுவார்கள்.

அன்று காலை வங்கிக்காரம்மா வந்திருந்தார். ஐம்பது வயதில் குதிரை ஏறக் கற்றுக்கொள்ள வந்தவர். அது அவருக்கு ஐந்தாவது வகுப்பு. லாயக்காரர் வாத்தியாரைக் கொண்டுவந்து கயிற்றை டீச்சரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்போது டீச்சருக்குப் போன் வந்தது. கணவர். துவைக்கிற மெஷினிலிருந்து வீடெல்லாம் தண்ணீர்.

"குழாய மூடுங்க மொதல்ல! எந்தக் குழாயா? அங்க எத்தன குழாய் இருக்கு?"

கத்திக்கொண்டே ஏறச்சொல்லிக் கை காட்டினாள். வங்கிக்காரம்மா ஏறினார். மூன்றாவது சுற்றில், திருப்பத்தில், சேணம் ஒரு பக்கமாகச் சரிந்தது. அவர் மெதுவாகத்தான் விழுந்தார், மூட்டை சரிகிற மாதிரி. ஆனால் தோளெலும்பு வேலிக்கட்டையில் பட்டு முறிந்தது.

வாத்தியார் ஒரு அடிகூட நகரவில்லை. சேணம் வயிற்றுக்கடியில் தொங்க, அப்படியே நின்றது.

டாக்டரையா பக்கத்திலிருந்த தன் வீட்டிலிருந்து ஓடிவந்தார். அதற்குள் அவள் சேணத்தை அவிழ்த்து வேலிமேல் போட்டிருந்தாள். ஏன் அவிழ்த்தாள் என்று அவளுக்கே அப்போது தெரியாது.

"என்னாச்சும்மா?"

"எதையோ பாத்து மிரண்டுட்டான் ஐயா."

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. யோசித்து ஜோடித்த பொய் இல்லை. ஆனால் சொல்லிவிட்ட பிறகு திருப்பி எடுக்க அவள் முயலவும் இல்லை. லாயக்காரர் வேலிமேல் கிடந்த சேணத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். சேணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மிரளுகிற குதிரையில் புதியவர்களை ஏற்ற முடியாது. வாத்தியாரைக் கடைசிக் கொட்டிலுக்கு மாற்றினார்கள். காலையில் மற்ற ஐந்தும் திடலுக்குப் போகும்போது அது கதவுக்கு மேல் தலையை நீட்டித் தன் முறைக்காகக் காத்திருக்கும். அவள் அந்தப் பக்கம் போவதை நிறுத்தினாள். தண்ணீர்த் தொட்டிக்குக்கூட லாயத்தைச் சுற்றிக்கொண்டு போனாள்.

வகுப்பில் "இன்னொருதரம்" என்று சொல்ல வாய் வரவில்லை. தானே போய் ஒவ்வொரு பட்டையையும் இழுத்துப் பார்த்தாள். "டீச்சருக்குத் தொண்டை சரியில்ல போல" என்று பிள்ளைகள் பேசிக்கொண்டன.

மூன்றாவது வாரம் டாக்டரையா சொன்னார், "செங்கச் சூளைக்காரர் ஒருத்தர் வாத்தியாரக் கேட்டிருக்காரும்மா. வண்டியில பூட்டிக்குவாராம். வர்ற திங்கக்கெழம கூட்டிட்டுப் போறாரு."

"இந்த வயசுலயா ஐயா?"

"வேற என்ன பண்றது? சும்மா நிக்கவெச்சுத் தீனி போட நமக்கு ஏது வசதி?"

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவர் நல்ல மனுஷர்தான். தட்டில் சோற்றைப் போட்டு அவள் முன்னால் வைத்துவிட்டு, "உன் வேலைக்கு ஆபத்து வராம போச்சேன்னு நெனச்சுக்கோ. அது குதிரைதானே, அதுக்கென்ன மானமா போகப்போவுது?" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. இந்த மூன்று வாரமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானம் இதுதான், சொல் மாறாமல். இன்னொருவர் வாயால் கேட்டபோது காது கூசியது.

மறுநாள் காலை டாக்டரையா கொட்டிலில் ஒரு குதிரையின் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாயக்காரர் காலைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"ஐயா, வாத்தியார் மிரளல. நான் பட்டைய இழுத்துப் பாக்கல. போன் பேசிட்டு இருந்தேன்."

டாக்டரையா குளம்பிலிருந்து நிமிர்ந்தார்.

"மறந்தத விடு. மனுஷன்னா மறப்பான். மூணு வாரம் எப்பிடிம்மா என் மூஞ்சியப் பாத்துப் பேசின?"

லாயக்காரர் குதிரையின் காலை மெல்லக் கீழே விட்டார். "சேணம் சரிஞ்சத நான் அன்னிக்கே பாத்தேன். நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றார். பிறகு, "நானும் சொல்லியிருக்கணும்" என்றார்.

மத்தியானம் வங்கிக்காரம்மா வீட்டுக்குப் போனாள். கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டபடி அவரே கதவைத் திறந்தார். முகம் மலர்ந்து, "வாங்க டீச்சர்! உக்காருங்க" என்று உபசரித்தார். அவள் நின்றபடியே சொன்னாள்.

அந்த முகம் மாறியதைப் பார்க்க முடியாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நான்தான் கால இறுக்கி அதைப் பயமுறுத்திட்டேன்னு நெனச்சேன்" என்றார் வங்கிக்காரம்மா. "இந்த வயசுல இதெல்லாம் உனக்கு எதுக்குன்னு என் மவன் கேட்டான். ஆமாடா, புத்தியில்லாம போயிட்டேன்னு சொன்னேன். ஆபீஸ்ல சிரிச்சாங்க, நானும் சேந்து சிரிச்சேன். ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமில்ல?"

"தப்புதாங்க."

"நீங்க போயிட்டு வாங்க டீச்சர். இப்ப எனக்குப் பேச வரல."

குதிரையின் பெயரை மட்டும்தான் கெடுத்துவிட்டோம் என்று அவள் அதுவரை நினைத்திருந்தாள்.

டாக்டரையா சூளைக்காரருக்கு இல்லையென்று சொல்லியனுப்பினார். அவளை இரண்டு மாதம் வகுப்பிலிருந்து நிறுத்தினார். அவள் சாணி அள்ளினாள், சேணங்களுக்கு எண்ணெய் போட்டாள். தினமும் வாத்தியாரைத் தேய்த்துவிட்டாள். அது பழையபடி அவள் தோளில் மூக்கைத் துடைத்துக்கொண்டது. அதற்குக் கோபம் ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வங்கிக்காரம்மா திரும்ப வரவேயில்லை.

மறுபடி வகுப்பு எடுக்கத் தொடங்கிய வாரம், ஒருவர் தன் மகளைச் சேர்க்க வந்தார்.

"இங்க ஒரு அம்மா விழுந்து எலும்பு ஒடஞ்சிருச்சாமே? குதிரை சரியில்லையோ?"

டாக்டரையா பக்கத்தில்தான் இருந்தார். அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"குதிரைமேல தப்பில்ல சார். சேணத்த நான் சரியாப் பாக்கல" என்றாள். முகம் காதுமடல் வரை எரிந்தது.

அவர் மகளைப் பார்த்தார், திடலைப் பார்த்தார். "யோசிச்சுட்டு வர்றோம்" என்று சொல்லி மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அடுத்த வகுப்புக்கு வாத்தியாரைத் திடலுக்கு நடத்திக்கொண்டு போனாள்.