ஒரே தாளில் இரண்டு கையெழுத்து

இறுதி ஆட்டம் நான்கு மணிக்கு. இரண்டரை மணிக்கு, கூடைப்பந்து அரங்கத்தின் மாடியறையில் அணியின் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்த பயிற்சியாளர் ஒரு தாளை மறுபடி எடுத்தாள். அணித்தலைவி கல்லூரியில் சேர்ந்த வருடத்திலிருந்து மூன்றாவது முறையாக விரல்விட்டு எண்ணினாள். ஆறு. சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருடம்தான் ஆடலாம். நடுவில் படிப்பை நிறுத்தினாலும் அந்தக் கணக்கு நிற்காது. இது அவளுக்குத் தெரியாத விதியா? தூக்கத்தில் தட்டியெழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

தப்பு எங்கே நடந்தது என்பதும் உடனே புரிந்தது. ஆட்டக்காரிகளுக்கு ஏது காலண்டர்? ‘அந்த ஒரு புள்ளியில தோத்த வருஷம்’, ‘முட்டி போன வருஷம்’ என்றுதான் காலத்தைச் சொல்வார்கள். தன் கல்யாண நாளையே எந்தப் போட்டிக்கு மறுவாரம் என்று வைத்துத்தான் அவள் நினைவுபடுத்திக்கொள்வாள். கணவர் அதைச் சொல்லிக் காட்டாத உறவுக்காரர் பாக்கியில்லை. பதினான்கு வருடம் ஆடி, முழங்கால் கைவிட்ட பிறகு பயிற்சியாளரானவளுக்கு அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. அணித்தலைவிக்கும் அப்படித்தான் எண்ணினாள். பிள்ளைகள் ‘நெட்டை’ என்று கூப்பிடும் அந்தப் பெண் நான்கு போட்டித் தொடர் ஆடியிருக்கிறாள், இது ஐந்தாவது. தாய் படுத்த படுக்கையானதால் அவள் வீட்டிலிருந்த ஒரு வருடம் எண்ணிக்கையில் வரவே இல்லை.

இந்த மாதிரிக் கோளாறைப் பிடிக்கத்தான் போட்டிக்கு அனுப்பும் தகுதித் தாளில் இரண்டு கையெழுத்து கேட்கிறார்கள். பயிற்சியாளர் எழுத வேண்டும், விளையாட்டுத் துறை இயக்குநர் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். போன வருடம் இயக்குநர் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலியும் இவள் தலையில் விழுந்தது. “ரெண்டையும் நீங்களே பாத்துக்கங்க” என்று முதல்வர் கையைக் கழுவிவிட்டார். அப்புறம் என்ன, பயிற்சியாளர் எழுதியதை இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள். நம்பாமல் இருக்க இருவரும் என்ன அந்நியரா?

யாருக்கும் தெரியாது. தெரிந்தால் இதுவரை ஜெயித்த ஆட்டமெல்லாம் ரத்து, அணியே வெளியே. இன்னும் நான்கு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால், அவளுடைய பத்தொன்பது வருடப் பயிற்சியில் முதல் கோப்பை. மனசு வெட்கமில்லாமல் அதையே திரும்பத் திரும்பச் சொன்னது.

கீழே போய் நெட்டையை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். அவள் கணுக்காலில் பாதி சுற்றிய டேப்போடு நொண்டிக்கொண்டே வந்தாள்.

“நீ சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. நீ ஆடவே கூடாது. இப்பதான் பாத்தேன்.”

நெட்டை சிரித்தாள். “போங்க மேடம். விளையாடுற நேரமா இது?”

“நான் விளையாடல.”

சிரிப்பு பொசுக்கென்று நின்றது. “இப்பதான் பாத்தீங்களா? நெஜமாவா?”

“ஏன், உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“எங்க எல்லாருக்குமே தெரியும். அம்மாவுக்கு முடியாம நான் நின்னுட்டப்ப வீட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போனது நீங்கதானே! உங்களுக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சேதான் எங்களுக்காகக் கையெழுத்துப் போட்டீங்கன்னு நெனச்சோம். அதனாலதான் மேடம் உயிரக் குடுத்து ஆடினோம்.”

ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால்கூடத் திருப்பி அனுப்புகிறவள் அவள். கண்டிப்புக்குப் பேர்போன இத்தனை வருடத்தில் பிள்ளைகள் அவள்மேல் இப்படி உயிரை வைத்தது அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட பிறகான இந்த மூன்று மாதம்தான். அதுவும் அவள் செய்யாத ஒரு திருட்டுத்தனத்துக்காக. அதைவிடக் கேவலம், அந்தப் பாசம் கையைவிட்டுப் போகிறதே என்றுதான் அவளுக்கு முதலில் வலித்தது.

“இப்பவும் தெரியாத மாதிரியே இருந்துடுங்க மேடம்,” என்றாள் நெட்டை. “இன்னைக்கு ஒரு நாள்.”

“முடியாதும்மா.”

“அப்ப எதுக்கு என்கிட்ட வந்து சொல்றீங்க? நேரா போய்ச் சொல்லிட வேண்டியதுதானே?”

ஒருவேளை இந்தப் பெண் கெஞ்சினால் மனசு மாறிவிடலாம் என்று ஆசைப்பட்டுத்தான் வந்தாளோ என்னவோ.

போட்டிக் குழுவின் அறைக்குப் போய், நின்றபடியே கடிதம் எழுதினாள். குழுத் தலைவர் அதை இரண்டு தடவை படித்தார். “யாரும் புகார் குடுக்கலையே மேடம்?” என்றார். “நான் குடுக்கிறேன் சார்” என்றாள். மூன்றே காலுக்கு முடிவு வந்தது. அவள் பயந்தபடியேதான்.

உடைமாற்றும் அறைக் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றாள். நெட்டை ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். திட்டட்டும், அழட்டும், முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும், தாங்கிக்கொள்ளலாம் என்று தைரியம் சொல்லிக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

பேச்சு நின்றது. பன்னிரண்டு பேரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள், யாரோ மேலதிகாரி வந்துவிட்டதைப் போல.