கென்ஜேகுல் டிக் எடுத்த கட்டம்

பிஷ்கெக் தையல் ஆலையில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டுக் கென்ஜேகுல் ஊர் திரும்பியபோது, கையோடு ஒரு மாப்பிள்ளையைக் கூட்டி வருவாள் என்று அட்-பாஷியே காத்திருந்தது. அவளோ ஒரு பழைய கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினாள். சந்தையில் ஒரு கன்டெய்னர் கடையைப் பிடித்துப் போன் பழுது பார்க்க உட்கார்ந்தாள். "பிரிக்கிறது சரி, திரும்பப் பூட்டத் தெரியுமா?" என்று சிரித்தவர்களெல்லாம் இந்த ஒன்பது வருஷத்தில் ஒரு முறையாவது அவள் வாசலில் வந்து நின்றாயிற்று.

பழைய போன் என்றால் அவளுக்குத் தனிப் பிரியம். மற்றவர்கள் கைவிரித்த போன்களுக்கான ஃபர்ம்வேரை, அதாவது போனை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளை, எல்லாம் ஒரு நீல ஹார்ட் டிஸ்கில் சேர்த்து வைத்திருந்தாள். அதன் பக்கத்தில் யாராவது தேநீர்க் கோப்பையை வைத்தால்கூட அவளுக்குக் கோபம் வந்துவிடும்.

செப்டம்பர் கடைசியில் ஒரு காலை, மேய்ப்பர் சகின்பாய் குதிரையை வெளியே கட்டிவிட்டு உள்ளே வந்தார்.

"தங்கச்சி, இது செத்துப்போச்சா, மயக்கமா?"

போன் கம்பெனி பேரைக் காட்டியது, அணைந்தது, மறுபடி காட்டியது.

"மயக்கந்தான் அண்ணே. என்ன பண்ணினீங்க?"

"அப்டேட் பண்ணட்டுமான்னு கேட்டுச்சு. மரியாதையா கேக்குதேன்னு சரின்னேன். பாதியிலயே சார்ஜ் போயிருச்சு."

பத்தொன்பது வீட்டு ஆடுகள், மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு, மலையிலிருந்து இறங்கிப் பட்டியில் நின்றன. மத்தியானம் பிரித்துக் கொடுக்க வேண்டும். வசந்தத்தில் பூசிய சாயக்குறி மழையில் கரைந்துவிட்டது. எந்த ஆடு யாருடையது என்று சகின்பாய்க்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனால் அவர் வாய்வார்த்தையை யார் நம்புவார்கள்? கொழுத்ததெல்லாம் என்னுடையது, மெலிந்ததெல்லாம் பக்கத்து வீட்டுக்காரனுடையது என்பார்கள். கடைசியில் திருட்டுப் பட்டம் மேய்ப்பர் தலையில்தான் விழும். அதற்காகவே, ஒப்படைத்த அன்று ஒவ்வொருவரையும் அவரவர் ஆடுகளோடு நிற்க வைத்துப் படம் பிடித்திருந்தார். அத்தனையும் இந்தப் போனுக்குள்.

"படம் போச்சுன்னா என் பேரும் போச்சு தங்கச்சி."

எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றுவது சுலபம், ஆனால் படங்களும் போய்விடும். கென்ஜேகுல் கம்ப்யூட்டர் திரையில் வரிசையாக இருந்த கட்டங்களில் ஒன்றில் மட்டும் டிக்கை எடுத்துவிட்டாள். படங்கள் இருக்கும் இடம் அது. அங்கே எதுவும் எழுதப்படாது. சத்தம் பட்டனை அழுத்தியபடி கேபிளைச் செருகினாள். கோடு மெல்ல நகர்ந்து, பச்சை டிக் விழுந்தது. போனில் வெளிச்சம் வந்தது.

எதிர்க்கடையில் கம்பளிச் செருப்பு விற்கும் உல்கான் அக்கா இதற்காகவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சுயுஞ்சு! சுயுஞ்சு!" என்று சந்தை அதிரக் கத்தினாள். அப்படிக் கத்தி நல்ல செய்தியை முதலில் சொன்னவருக்குப் பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்பது ஊர் வழக்கம். சகின்பாய் சந்தோஷத்தில், "என் கருமூக்குக் கடா உனக்குத்தான்!" என்று சொல்லிவிட்டார். உல்கான் உடனே பட்டிக்கும் போன் போட்டு, படமெல்லாம் வந்துவிட்டது என்று சொல்லியும் விட்டாள்.

போன் கம்பெனி பேரைக் காட்டியது. அணைந்தது. மறுபடி காட்டியது.

"அக்கா, ஒரு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?"

"வெளிச்சம் வந்துச்சேடி!"

"அடுப்புலகூடத்தான் வெளிச்சம் வருது, சோறு வெந்துருச்சுன்னா அர்த்தம்?"

"இப்ப கடாவை என்ன பண்றது?" என்றார் சகின்பாய்.

"கொடுத்த சுயுஞ்சுவத் திருப்பிக் கேக்குற ஆளா நீங்க?" உல்கான் இடுப்பில் கை வைத்தாள். "இவ சரி பண்ணிருவா. பண்ணித்தான் ஆகணும். ஊருக்கே சொல்லியாச்சு."

கென்ஜேகுல் பேட்டரியைக் கழற்றி, அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். மாடல் எண்ணில் கடைசி எழுத்து வேறு; வேறு நாட்டில் விற்ற போன், அதற்கு ஃபர்ம்வேரும் வேறு. தலையில் அடித்துக்கொண்டாள். அட்-பாஷியில் எல்லாப் போனும் பிஷ்கெக்கில் வாங்கியதுதானே என்று, பார்க்காமலே விட்டிருந்தாள்.

"அண்ணே, இது எங்க வாங்கினது?"

"மச்சான் மாஸ்கோவுல வேலை பார்த்தப்ப கொண்டுவந்து கொடுத்தான்."

"முதல்லயே சொல்லக் கூடாதா?"

"போனைத்தான கேட்ட, மச்சானைப் பத்திக் கேட்டியா?"

நீல டிஸ்கின் அடியாழத்தில் அந்த எழுத்துக்குரிய ஃபர்ம்வேர் கிடந்தது. அந்த ஒரு கட்டத்தில் டிக் இல்லையா என்று மூன்று தடவை பார்த்துவிட்டு ஏற்றினாள். பச்சை விழுந்தது. வெளிச்சம் வந்தது. இந்தத் தடவை உல்கான் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கம்பெனி பேர் மறைந்து, பூட்டைத் திறக்கக் கோடு போடும் ஒன்பது புள்ளிகள் வந்தன. சகின்பாயின் கட்டைவிரல் தன் சொந்த ஆட்டுக்குப் பூசும் சாயக்குறியை அப்படியே வரைந்தது. திறந்தது. முதல் படத்திலேயே ஒரு செம்மறி கேமராவை முறைத்தது.

கடையைப் பூட்டிக்கொண்டு மூவரும் பட்டிக்குப் போனார்கள். ஆட்டுக்காரர்களில் ஒருவரான மம்பெத்தாலி அதற்குள் ஒரு கொழுத்த பெட்டை ஆட்டின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். சகின்பாய் போனை நீட்டினார். படத்தில் அதே மம்பெத்தாலி, கொம்பு ஒடிந்த நோஞ்சான் ஆடு ஒன்றோடு மட்டும் பல்லைக் காட்டி நின்றார். சுற்றி நின்ற பதினெட்டு வீடும் சிரித்தது. கொம்பு ஒடிந்தது தானாகவே அவரிடம் வந்து நின்றது.

மம்பெத்தாலியும் சிரித்துவிட்டார். கென்ஜேகுல் பக்கம் குனிந்து, "இந்தப் படத்தை மட்டும் தவறவிட்டிருக்கக் கூடாதா தங்கச்சி?" என்றார்.

"ஒரே ஒரு டிக்கை எடுத்ததாலதான் தப்பிச்சுது அண்ணே," என்றாள் அவள்.