புடைத்த டின்

தங்கச்சி பிரசவத்தில் போனபிறகு அவள் பிள்ளை என் மடிக்கு வந்தது. என்னிடம் ஏது பால்? எதிர்வீட்டில் கொழுந்தன் பெண்டாட்டி, என் ஓரகத்தி; அவள் தொழுவத்தில் கறவை நின்றது. ஆனால் கிணற்றுத் தகராறுக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சில்லை. அவள் வாசலில் செம்போடு நிற்கமாட்டேன் என்று ஊர் கேட்கச் சொல்லியிருந்தேன். அதனால் வடசேரிக்கு பஸ் ஏறி, கட்டிப்பால் டின் வாங்கிவந்து வெந்நீரில் கலக்கிக் கொடுத்து வந்தேன்.

நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். டின்னில் இருந்ததோ இங்கிலீஷ். தேங்காய் எடுப்பதுபோல நகத்தால் சுண்டிப் பார்ப்பேன். மூடி புடைத்து, கிண்ணென்று கேட்டால் உள்ளே பால் நிறைந்திருக்கிறது என்று எண்ணம். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் எடுப்போம்.

ஒருநாள் வீட்டில் பால் தீர்ந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். புதிதாக வந்த சரக்கு. நல்ல புடைப்பாக ஒன்றை எடுத்துச் சுண்டிக்கொண்டிருக்கையில் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அப்போது எங்கள் பக்கத்து அதிகாரிகள் பலரும் மலையாளத்துக்காரர்கள்; மலையாளத்தில் என்னவோ கோபமாகச் சொன்னார். கூட வந்த பியூன்தான் எனக்கு விளங்கும்படி சொன்னார்.

“ஊதின டின்னுண்ணா உள்ள கெட்டுப்போச்சுண்ணு அர்த்தம்மா. பிள்ளைக்குக் குடுத்திராதிய.”

கடைக்காரருக்கு அந்த நேரத்திலும் வாய் அடங்கவில்லை. “ஊதினதாப் பாத்துப் பொறுக்குகதே இந்த அக்கச்சிதான் சாரே,” என்றார்.

தட்டையான டின்னாவது ஒன்று தரச் சொல்லிக் கேட்டேன். சோதித்துப் பார்க்காமல் எதையும் விற்கக்கூடாதாம். எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, வண்டியில் ஏற்றிவிட்டார்கள். மற்ற கடைகளில் கேட்டேன். இன்ஸ்பெக்டர் வந்த சேதி எனக்கு முன்னே போய்விட்டது. ஒருவரும் டின்னை வெளியே எடுக்கவில்லை.

பஸ்ஸில் பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து சீனித்தண்ணீர் கொடுத்தேன், துப்பியது. அதற்குமேல் எனக்கு முடியவில்லை. உழக்குப் பால்கூடக் கொள்ளாத சின்னச் செம்பு ஒன்றை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, பிள்ளையோடு முற்றத்தைக் கடந்தேன்.

ஓரகத்தி பால் கறந்துகொண்டிருந்தாள். செம்பையும் என்னையும் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“இது எந்த மூலைக்கு ஆவும்? பிள்ளைய இங்க தந்துட்டு, போயி பெரிய செம்பா எடுத்துட்டு வா ஏட்டி.”

பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். பத்தடி முற்றம்தான். பெரிய செம்பை எடுத்துக்கொண்டு மறுபடி கடந்தேன். இந்தத் தடவை செம்பை மறைக்கவில்லை.